சரக்கு ரயிலின் டீசலுக்கு வரி போடலாமா? அமெரிக்காவின் முன் உள்ள நான்கு வழிகள்

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடும் லாரி ஒரு கேலன் டீசலுக்கு 24.4 சென்ட் ஃபெடரல் (மத்திய அரசு) வரி கட்டுகிறது. பக்கத்துத் தண்டவாளத்தில் அதே மாதிரிச் சரக்கை இழுத்துச் செல்லும் ரயில் இன்ஜின் கட்டுவது 0.1 சென்ட். அதுவும் நிலத்தடி எரிபொருள் தொட்டிக் கசிவுகளைச் சரிசெய்யும் நிதிக்குப் போகிறது. ரயிலுக்கான டீசலில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். சாலைக்கான வரி கட்டாத எண்ணெய் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சிவப்பு டீசலோடு ஒரு லாரி பிடிபட்டால் கேலனுக்கு 10 டாலர் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் பலருக்கும் வரும் கேள்வி: கோடி கோடியாக லாபம் பார்க்கும் ரயில் நிறுவனங்களுக்கு எதற்கு இந்தச் சலுகை? மாநில பட்ஜெட்டில் துண்டு விழும்போதெல்லாம் இது பேச்சுக்கு வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் சிலரும் இரண்டு பக்க வாதத்தையும் கேட்டுவிட்டு, எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்கிறார்கள். நான் ஒரு பக்கம் நிற்கிறேன். காரணங்களைச் சொல்வதற்கு முன் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, பாதைக்கு யார் செலவழிக்கிறார்கள்? சாலை அரசினுடையது. தண்டவாளம், ஜல்லி, ஸ்லீப்பர் கட்டை, சிக்னல் எல்லாம் ரயில் நிறுவனத்தினுடையவை.

இரண்டாவது, புகை, விபத்து, நெரிசல் என்று ஊர் சுமக்கும் செலவில் எவ்வளவை அந்தந்தப் போக்குவரத்து திருப்பித் தருகிறது?

மூன்றாவது, வரி போட்டால் சரக்கு எந்தப் பக்கம் நகரும்? ரயிலை விட்டு லாரிக்கு நகர்ந்தால் எல்லாருக்கும் நஷ்டம்.

நான்காவது, கடைசியில் பணம் யார் பையிலிருந்து போகிறது? நிறுவனத்தின் பங்குதாரரா, வடக்கு டகோட்டா மாநிலத்தின் கோதுமை விவசாயியா?

ஐந்தாவது, சட்டப்படி நிற்குமா? மாநில அளவில் இது பெரிய கேள்வி. அதனால் அதற்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

## வழி 1: இப்போதுள்ள விலக்கு தொடரட்டும்

24.4 சென்ட் சாலை வரி பொதுக் கஜானாவுக்குப் போவதில்லை. 1956ல் நெடுஞ்சாலை நிதி தொடங்கப்பட்டபோது, சாலையைப் பயன்படுத்துகிறவர் சாலைக்குக் கட்டட்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தச் சாலையில் ரயில் ஓடுவதில்லை. பெரிய ரயில் நிறுவனங்கள் தங்கள் பாதைகளுக்கும் இன்ஜின், பெட்டிகளுக்கும் ஆண்டுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைப் போடுகின்றன. போதாததற்குத் தண்டவாளம் கிடக்கும் நிலத்துக்குக் கவுண்டி எனப்படும் உள்ளூர் அரசுகளுக்குச் சொத்து வரியும் கட்டுகின்றன. நெடுஞ்சாலைக்கு யாரும் சொத்து வரி கட்டுவதில்லை. தன் செலவில் தன் நிலத்தில் பாதை போட்டுக்கொண்டவனிடம் ஊர்ச் சாலைக்கும் சேர்த்துப் பணம் கேட்டால் அவன் முறைக்கத்தான் செய்வான். இந்த வாதத்தில் ரயில் நிறுவனங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது, ரயிலுக்கு அரசுப் பணமே போவதில்லை என்பது சரியில்லை. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் லெவல் கிராசிங்குகளை ஒழிக்க மட்டும் ஐந்தாண்டுக்கு 300 கோடி டாலரும், பொதுவான ரயில் மேம்பாட்டு மானியத்துக்கு 500 கோடி டாலரும் ஒதுக்கியது. கிராசிங் என்பது சாலைக்காரருக்கும் உதவுவதுதான், ஆனாலும் ரயிலுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டாவது, டீசல் இன்ஜின் விடும் புகைக்கு இன்று எந்த விலையும் இல்லை. ஒரு கேலன் டீசல் எரிந்தால் பத்து கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு. பெரிய நிறுவனங்கள் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 300 கோடி கேலன் எரிக்கின்றன. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

லாரி தன் முழுச் செலவையும் கட்டாத வரைக்கும் இந்த வழிதான் மோசம் குறைந்தது. லாரி கட்டத் தொடங்கிவிட்டால் இதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும்.

## வழி 2: பழைய 4.3 சென்ட்டைத் திரும்பக் கொண்டுவருவது

ரயில் எப்போதும் வரியில்லாமல் ஓடியது என்று நினைப்பவர்கள் உண்டு. 1990ல் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க ரயில் டீசலுக்கு 2.5 சென்ட் போட்டார்கள். 1993ல் எல்லா வகைப் போக்குவரத்து எரிபொருளுக்கும் 4.3 சென்ட் சேர்த்தார்கள். அதுவும் பற்றாக்குறைக்குத்தான். இந்த 4.3 சென்ட்டில் அப்போதைக்கு எல்லாருக்கும் ஒரே நியாயம்.

1997ல் ஒரு மாற்றம் வந்தது. லாரிகளும் கார்களும் கட்டிய அந்த 4.3 சென்ட்டை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நெடுஞ்சாலை நிதிக்குத் திருப்பிவிட்டது. லாரிக்காரர் கட்டியது அவருடைய சாலைக்கே திரும்பி வந்தது. ரயிலும் ஆற்றில் ஓடும் சரக்குப் படகும் கட்டியது மட்டும் பொதுக் கஜானாவுக்கே போய்க்கொண்டிருந்தது. ரயில் நிறுவனங்கள் இதை விடாமல் பேசின. 2004ல் வந்த வரிச் சட்டம் அதைப் படிப்படியாகக் குறைத்து, 2007 ஜனவரி 1 முதல் ஒழித்தது. இன்றைய விலக்கின் வரலாறு இதுதான். சலுகைக்காகக் கெஞ்சி வாங்கியதென்று இதைச் சொல்ல மாட்டேன். சமமில்லாத ஒரு வரியை எடுத்துவிட்ட கதை.

இன்று திரும்பக் கொண்டுவந்தால் கிடைப்பது சுமார் 13 கோடி டாலர். ஃபெடரல் பட்ஜெட்டில் கண்ணுக்குத் தெரியாத தொகை. அதே தொகை, ஆண்டுக்கு ஆண்டு, ரயிலுக்கென்றே ஒதுக்கிய நிதியாக இருந்தால் கதை வேறு: கிராசிங் மேம்பாலங்களுக்கும் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டுகளில் ஓடும் பழைய இன்ஜின்களை மாற்றவும் அது உருப்படியான பணம். அப்படிக் கைவைக்க முடியாமல் பூட்டிய நிதி என்றால் இந்த வழியை ஆதரிக்கலாம். பொதுக் கஜானாவுக்கு என்றால் 1997ன் அநியாயம் மறுபடி தொடங்கும்.

## வழி 3: லாரிக்கு உள்ள அதே 24.4 சென்ட்

கேட்பதற்கு மிக நியாயமாக இருப்பது இதுதான். “ஒரே எண்ணெய், ஒரே வரி.” மேடையில் நன்றாக எடுபடும். ஆழமாகப் பார்த்தால் இருப்பதிலேயே பலவீனமான வழி என்பது என் முடிவு. அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

முதலில் வருமானம். 300 கோடி கேலனுக்கு 24.4 சென்ட் என்றால் சுமார் 73 கோடி டாலர். பெரிய ரயில் நிறுவனங்களின் மொத்த வருவாயில் ஏறத்தாழ ஒரு சதவீதம். நிறுவனங்கள் இதனால் மூழ்கிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இந்தப் பணம் எங்கே போகும்? நெடுஞ்சாலை நிதிக்குப் போனால், ரயில் தன் போட்டியாளருக்குச் சாலை போட்டுத் தருகிறது என்று அர்த்தம். அந்த நிதியின் நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். லாரியும் காரும் கட்டும் வரி விகிதம் 1993க்குப் பிறகு ஏறவே இல்லை. பணவீக்கம் அதைக் கரைத்துவிட்டது. 2008லிருந்து காங்கிரஸ் பொதுப் பணத்தில் 27,000 கோடி டாலருக்கும் மேல் அந்த நிதிக்குள் கொட்டியிருக்கிறது. 2021ல் மட்டும் 11,800 கோடி. ஆக, சாலையைப் பயன்படுத்துகிறவர் கட்டும் காசு சாலைக்குப் போதவில்லை. அந்தப் பள்ளத்தை ரயிலின் காசால் நிரப்புவது பிரச்சினையை மறைக்கும், தீர்க்காது.

சரி, யார் பையிலிருந்து போகும்? வடக்கு டகோட்டாவிலிருந்து மேற்குக் கரைத் துறைமுகத்துக்குப் போகும் ஒரு கோதுமை ரயிலை எடுத்துக்கொள்வோம். 110 பெட்டி, பெட்டிக்கு 110 டன் வீதம் 12,000 டன்னுக்கு மேல். தூரம் சுமார் 1,300 மைல். ஒரு கேலனுக்கு ஒரு டன்னை ஏறத்தாழ 500 மைல் நகர்த்தலாம் என்ற தொழில்துறைச் சராசரியை வைத்தால் சுமார் 31,000 கேலன். 24.4 சென்ட் வீதம் வரி 7,600 டாலரைத் தொடும். ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமைக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட 2 சென்ட்.

இரண்டு சென்ட் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த ஊரில் வேறு ரயில் இல்லை, படகு போகும் ஆறும் இல்லை. அவ்வளவு தூரத்துக்கு லாரியில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. துறைமுகத்தில் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. வாங்குகிறவர் கூடுதலாகத் தரப்போவதில்லை. ஆகவே உள்ளூரில் தானியம் வாங்கும் கிடங்குக்காரர் விவசாயிக்குத் தரும் விலையில் அந்த இரண்டு சென்ட் குறையும். இல்லினாயிலோ அயோவாவிலோ ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர் படகைக் காட்டி பேரம் பேசலாம். டகோட்டாக்காரரால் முடியாது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ரயில் நிறுவனங்கள் வசூலிக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை, பெரும்பாலும் அரசு வாரந்தோறும் வெளியிடும் நெடுஞ்சாலை டீசல் சில்லறை விலையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்த விலைக்குள் ஃபெடரல், மாநிலச் சாலை வரிகள் அடக்கம். ரயில் அந்த வரிகளைக் கட்டுவதில்லை. ஒரு மாநிலம் சாலை டீசல் வரியை ஏற்றினால், அந்த விலைக் குறியீடும் ஒரு துளி ஏறும். ரயில் ஒரு காசும் கூடுதலாகக் கட்டாமலே அதன் கூடுதல் கட்டணம் ஏற வாய்ப்பு வரும். மறுபக்கம், ரயிலுக்கு மட்டும் புது வரி வந்தால் குறியீடு அசையாது. அப்போது அடிப்படைக் கட்டணத்தை ஏற்றித்தான் நிறுவனம் அதை வசூலிக்க வேண்டும். போட்டியில்லாத பாதைகளில் அது சுலபம். போட்டி உள்ள பாதைகளில், அதாவது கன்டெய்னர்கள் லாரியோடு மோதும் பாதைகளில், அது கடினம். எனவே சுமை இறங்குவது பேரம் பேச முடியாதவர் தலையில்.

குட்டி ரயில் நிறுவனங்களின் நிலைமை இன்னும் மோசம். நாட்டில் சுமார் 600 உண்டு. ஒரு தொழிற்சாலையையோ தானியக் கிடங்கையோ பெரிய பாதையோடு இணைத்துவிடுவதுதான் பல நிறுவனங்களின் வேலை. பெரிய நிறுவனத்தின் இன்ஜின் டேங்க் சுமார் 5,000 கேலன் கொள்ளும். வரி அதிகமான மாநிலத்தில் எண்ணெய் போடாமல் அடுத்த மாநிலத்தில் நிரப்பிக்கொள்ளலாம். இருபது மைல் பாதை வைத்திருப்பவருக்கு அடுத்த மாநிலம் கிடையாது. டேங்கர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். தண்டவாளப் பராமரிப்புக்கு மைலுக்கு 3,500 டாலர் வரை வரிக்கழிவு கொடுத்து 2020ல் அதை நிரந்தரமாக்கியதே இவர்களைக் காப்பாற்றத்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதில் அர்த்தம் இல்லை.

ரயிலுக்கென்று தனி நிதி, குட்டி நிறுவனங்களுக்கு விலக்கு, அதே சமயம் லாரிக்கும் வரி உயர்வு என்று மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த வழியை யோசிக்கலாம். மூன்றும் சேர்ந்து வந்த மசோதா எதையும் நான் பார்த்ததில்லை.

## வழி 4: ஊர் சுமக்கும் செலவுக்கு விலை, எல்லாருக்கும்

காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2011ல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு டன்னை ஒரு மைல் கொண்டுபோக லாரி பொதுமக்கள் மேல் தள்ளிவிடும் செலவு, ரயிலைவிடக் குறைந்தது ஆறு மடங்கு. 2015ல் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கில் அது சுமார் எட்டு மடங்கு. சாலைத் தேய்மானம், விபத்து, புகை, நெரிசல் எல்லாம் சேர்த்து. அந்தச் செலவை இரண்டு பக்கமும் முழுதாக வரியாகக் கட்டினால் லாரிச் சரக்கில் 3.6 சதவீதம் ரயிலுக்கு மாறும் என்றது அந்த ஆய்வு. ரயிலும் கூடுதலாகக் கட்டுகிறது, ஆனாலும் சரக்கு ரயில் பக்கம்தான் வருகிறது. எனக்கு இந்த வாதத்திலேயே மிக முக்கியமான முடிவு அதுதான்.

கார்பனுக்கு டன்னுக்கு 50 டாலர் என்று வைத்தால் ஒரு கேலன் டீசலுக்கு சுமார் 51 சென்ட். 24.4 சென்ட்டைவிட இரண்டு மடங்கு. ரயில் இதைக் கட்டட்டும், லாரியும் படகும் கட்டட்டும். ஒரே கேலனில் ரயில் மூன்று நான்கு மடங்கு சரக்கை நகர்த்துவதால், டன்னுக்கு விழும் சுமை ரயிலுக்குக் குறைவு. அதன் சிக்கனத்துக்கு இங்கே பரிசு கிடைக்கிறது.

கார்பனுக்கு எரிபொருள் வரி நல்ல கருவி. யார்டுக்குப் பக்கத்தில் வசிப்பவர் சுவாசிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கரித்தூளுக்கும் அது நல்ல கருவி இல்லை. 2015 முதல் கட்டும் புது இன்ஜின்கள் ‘நான்காம் நிலை’ என்ற ஃபெடரல் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தைத் தொட வேண்டும். முதல் தலைமுறை இன்ஜினுக்கு அனுமதித்த நைட்ரஜன் ஆக்சைடு அளவு அதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். இரண்டும் ஒரே கேலனுக்கு ஒரே வரி கட்டினால், பழையதை ஓட்டுகிறவருக்கு மாற்ற எந்த அவசரமும் இருக்காது. ரயில் இன்ஜின் முப்பது ஆண்டுக்கு மேல் உழைக்கும். பாதையில் ஓடி ஓய்ந்ததைத்தான் யார்டில் பெட்டி தள்ளவைக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ போன்ற இடங்களில் அந்த யார்டுக்குப் பக்கத்தில்தான் வீடுகளும் பள்ளிகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியா 2023ல் இன்ஜின் விடும் புகைக்கு ஏற்ப நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கிவைத்துப் புது இன்ஜின் வாங்க வேண்டும் என்று விதி போட்டது. அதற்குத் தேவையான ஃபெடரல் அனுமதிக் கோரிக்கையை 2025 ஜனவரியில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. யோசனை சரியானது, அதிகாரம் மாநிலத்திடம் இல்லை என்பதுதான் தடை. காங்கிரஸ்தான் இதைச் செய்ய முடியும்.

இதன் மறைந்த செலவு அரசியல். லாரித் தொழிலும் ரயில் தொழிலும் சேர்ந்து எதிர்க்கும் மசோதா எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

## மாநில வரியில் சட்டம் என்ன சொல்கிறது

1976ல் வந்த, ஃபோர்-ஆர் எனப்படும் ஃபெடரல் ரயில்துறைச் சட்டம், ரயில் நிறுவனங்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் வரியை மாநிலங்கள் போடக்கூடாது என்கிறது. இதன் எல்லை எது என்று அலபாமா மாநிலமும் சிஎஸ்எக்ஸ் என்ற ரயில் நிறுவனமும் பல ஆண்டுகள் வழக்காடின. அலபாமா ரயில் டீசலுக்கு 4 சதவீத விற்பனை வரி போட்டது. லாரிக்கு அந்த விற்பனை வரி இல்லை, பதிலாகக் கேலனுக்கு 19 சென்ட் சாலை வரி. ஆற்றுப் படகுக்கு இரண்டுமே இல்லை. உச்ச நீதிமன்றம் 2011ல் இந்த விலக்குகளை எதிர்த்து ரயில் வழக்குப் போடலாம் என்றது. 2015ல் போட்டியாளர்களோடு ஒப்பிடலாம், ஆனால் போட்டியாளர் கட்டும் வேறு வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு சொன்னது: லாரி கட்டும் வரி ஏறத்தாழச் சமம், அதில் குற்றமில்லை. படகுக்கு எதுவுமே இல்லாததற்கு அலபாமாவிடம் நியாயம் இல்லை.

மாநிலம் ஒன்று தன் டீசல் வரியில் ரயிலுக்குத் தரும் விலக்கை நீக்க நினைத்தால், முதலில் படகைப் பார்க்க வேண்டும். படகு கட்டும் ஃபெடரல் வரி கேலனுக்கு 29 சென்ட். 2015 வரை அது 20 சென்ட்தான். அந்தப் பணம் நீர்வழிக் கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டுகிறது, பராமரிப்பு பொதுப் பணத்தில் நடக்கிறது. படகை விட்டுவிட்டு ரயிலை மட்டும் பிடித்தால் வழக்குதான் மிச்சம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | விலக்கு தொடர்வது | 4.3 சென்ட் | 24.4 சென்ட் | எல்லாருக்கும் புகை விலை |
|---|---|---|---|---|
| ஆண்டு வருமானம் (ரயிலிடமிருந்து) | இல்லை | சுமார் 13 கோடி டாலர் | சுமார் 73 கோடி டாலர் | டன்னுக்கு 50 டாலர் என்றால் சுமார் 150 கோடி |
| பாதைச் செலவு நியாயம் | பொருந்தும் | ரயில் நிதிக்குப் போனால் பொருந்தும் | பொருந்தாது | இதற்கும் அதற்கும் தொடர்பில்லை |
| சரக்கு நகர்வது | மாற்றமில்லை | மிகச் சிறிது | லாரி பக்கம் | ரயில் பக்கம் |
| சுமை யாருக்கு | ஊருக்கு | கொஞ்சம் எல்லாருக்கும் | மாற்று வழியில்லாத விவசாயி, குட்டி ரயில் | எல்லா வகைக்கும், லாரிக்கு அதிகம் |
| நடைமுறைக்கு வருமா | இப்போதே இருக்கிறது | வரலாம் | எதிர்ப்பு பலம் | மிகக் கடினம் |

## எந்த நிலைமையில் எது

உங்கள் கவலை சாலையில் பள்ளம் விழுவதைப் பற்றி என்றால், ரயிலைக் கேட்காதீர்கள். 1993லிருந்து அசையாத சாலை டீசல் வரியையும், கனரக லாரி ஆண்டுக்கு அதிகபட்சம் 550 டாலர் கட்டும் பயன்பாட்டு வரியையும் கேளுங்கள். ஒரு அச்சின் எடை இரட்டிப்பானால் சாலைக்கு ஏறத்தாழ பதினாறு மடங்கு சேதம் என்பதை 1950களின் இறுதியில் இல்லினாயில் நடந்த சாலைச் சோதனையே காட்டிவிட்டது.

உங்கள் கவலை யார்டுப் புகை என்றால், கேலன் வரியைவிட இன்ஜினின் வயதையும் தரத்தையும் பார்த்து விதிக்கும் கட்டணம்தான் பலன் தரும். அதற்குள் 4.3 சென்ட்டை இன்ஜின் மாற்ற நிதியாக மட்டும் கொண்டுவந்தால் நான் கை தூக்குவேன்.

உங்கள் கவலை பருவநிலை என்றால் நான்காவது வழி ஒன்றுதான் வேலைக்கு ஆகும். அது வரும் வரைக்கும் ரயிலுக்கு மட்டும் வரி போடுவது நேர் எதிரான வேலை, சரக்கைப் புகை அதிகமான பக்கம் தள்ளும்.

நிறுவனங்களின் அளவுக்கு மீறிய லாபம் உறுத்துகிறது என்றால், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. டகோட்டாவின் கிடங்குக்காரருக்கு வேறு ரயில் இல்லாததால் வரும் லாபம் அது. அதற்கான இடம் ரயில் கட்டணங்களை மேற்பார்க்கும் தரைவழிப் போக்குவரத்து வாரியம். எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சரக்குக் கட்டணத்தின் சதவீதமாகக் கணக்கிடுவது நியாயமில்லை என்று 2007ல் சொன்னதும் அந்த வாரியம்தான். யூனியன் பசிஃபிக், நார்ஃபோக் சதர்ன் என்ற இரண்டு பெரிய ரயில் நிறுவனங்கள் இணையப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தன. அந்த இணைப்புக்கு என்னென்ன நிபந்தனை போட வேண்டும் என்று உங்கள் பிரதிநிதிக்கு எழுதுவது, டீசல் வரி பற்றி எழுதுவதைவிட அந்த விவசாயிக்கு அதிகம் உதவும்.